லேண்ட்சாட் நிலவெப்பக் கணக்கில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படத்திலிருந்து ஒரு நகரத்தின் நிலப்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிடுவது இப்போது ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. படம் இலவசம், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், ஆய்வுக்கென்றால் இணையத்திலேயே கணக்கிடும் கூகுள் எர்த் என்ஜினும் இலவசம். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு வரைபடம் எப்படியும் வந்துவிடும். தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது. கணக்கு தப்பினாலும் வரைபடம் அழகாகவே இருக்கும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. தப்பைக் காட்டிக்கொடுப்பது பிக்சலுக்குள் இருக்கும் எண் மட்டுமே.

இந்த வழிமுறை முழுக்கச் சென்னையை வைத்து எழுதியது. லேண்ட்சாட் படங்களின் கட்ட எண்ணில் சென்னை வருவது பாதை 142, வரிசை 51. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் காலை பத்தரை மணி வாக்கில் நகரத்தைக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை. இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒரு படம்.

எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் மூன்று புள்ளிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெரினாவை ஒட்டிய கடல் ஒன்று. கிண்டி தேசியப் பூங்காவின் நடுப்பகுதி ஒன்று. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானங்கள் நிற்கும் அகலமான காங்கிரீட் தளம் ஒன்று. ஓடுதளத்தை எடுக்க வேண்டாம். அது நூறு மீட்டர் அகலம்கூட இல்லாதது, ஓரத்துப் புல்லும் கலந்து வரும். மேகமில்லாத கோடைப் படத்தில் கடல் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், பூங்கா அதைவிடக் கொஞ்சம் கூடும், காங்கிரீட் தளம் இரண்டையும் நன்றாகத் தாண்டி நிற்கும். இந்த வரிசை குலைந்திருந்தால் மேற்கொண்டு எதையும் நம்ப வேண்டாம்.

எல்லாம் மைனஸ் நூற்று இருபதில் வருகிறது

பயப்பட வேண்டாம், இது மிகச் சாதாரணமான கோளாறு. தொகுப்பு 2, நிலை 2 படங்களில் (திருத்தங்கள் முடிந்து தயாராக வருபவை) வெப்பநிலைப் பேண்டின், அதாவது வெப்பநிலைக்கான தனி அடுக்கின், பெயர் எஸ்டி_பி10. அதில் இருப்பது வெப்பநிலை அல்ல, இடம் மிச்சப்படுத்த முழு எண்ணாக மாற்றிய மதிப்பு. அதை 0.00341802 ஆல் பெருக்கி, 149 கூட்டினால் கெல்வின் கிடைக்கும். பிறகு 273.15 கழித்தால் செல்சியஸ். இந்த மூன்று படியில் எது எங்கே தவறியது என்பதை எண்ணே சொல்லிவிடும்.

படத்தின் ஓரங்களில் மட்டும் துல்லியமாக −124.15 வந்தால், அவை வெற்றுப் பிக்சல்கள். மூல மதிப்பு 0. அதற்கும் சூத்திரம் ஓடி 149 கெல்வின் ஆகியிருக்கிறது. கணக்குக்கு முன்பே 0 என்பதை ‘நோ டேட்டா’ என்று அறிவித்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு சராசரி எடுத்தால் நகரத்தின் சராசரி பாதாளத்துக்குப் போய்விடும்.

படம் முழுக்க −124 முதல் −104 வரை பரவியிருந்தால் 149 கூட்ட மறந்திருக்கிறீர்கள். நகரமே வித்தியாசமில்லாமல் −123.1 என்று சொன்னால், ஏற்கெனவே கெல்வினாக மாற்றிய படத்துக்கு மறுபடியும் அதே சூத்திரம் போட்டிருக்கிறது. சில செருகுநிரல்கள் மாற்றத்தைத் தாமே செய்துவிடும். அது தெரியாமல் நாமும் செய்தால் இப்படி ஆகும்.

300, 45,000, 1, 400, 255

300ஐ ஒட்டி வந்தால் அது கெல்வின், 273.15 கழிக்கவில்லை. 43,000க்கும் 50,000க்கும் இடையில் வந்தால் மூல மதிப்பை அப்படியே பார்க்கிறீர்கள். 15,000 வாக்கில் வந்தால் உங்கள் கையில் இருப்பது லேண்ட்சாட்டே அல்ல, மோடிஸ் என்ற வேறொரு உணரியின் படம், அதை 0.02 ஆல் பெருக்க வேண்டும்.

1ஐ ஒட்டிய எண் வந்தால், சூரிய ஒளி தெறிப்பதை அளக்கும் ஒளித்தெறிப்புப் பேண்டுகளுக்கான சூத்திரத்தை வெப்பப் பேண்டுக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பேண்டுகளுக்கு 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். இரண்டு சூத்திரமும் ஒரே கோப்புறையில் கிடக்கும் கோப்புகளுக்குத்தான் என்பதால் கலந்துவிடுவது எளிது.

400 டிகிரியைத் தாண்டுகிறதா? வெப்பநிலையாக மாற்றாத நிலை 1 படத்திலிருந்து நீங்களே கணக்கிடுகிறீர்கள், மடக்கையைத் தவறாக எடுத்துவிட்டீர்கள். அங்கே வேண்டியது இயல் மடக்கை. பத்தடிமான மடக்கை போட்டால் 30 டிகிரி இருக்க வேண்டிய இடம் சுமார் 425 டிகிரி ஆகும். க்யூஜிஐஎஸ் ராஸ்டர் கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு.

0 முதல் 255 வரை மூன்று நான்கு பேண்டுகளாக வந்தால், சேமிக்கும்போது ‘ரா டேட்டா’ என்பதற்குப் பதிலாக ‘ரெண்டர்டு இமேஜ்’ தேர்வாகியிருக்கிறது. அந்தக் கோப்பில் வெப்பநிலை இல்லை, வண்ணம்தான் இருக்கிறது. திரும்பச் சேமிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நானே கணக்கிட்டது, தயாராக வரும் படத்தைவிடக் குறைவாக வருகிறது

வகுப்பறைகளிலும் யூடியூப் பாடங்களிலும் நிலை 1 படத்தின் 10ஆம் பேண்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். மூல எண்ணைக் கதிர்வீச்சாக்கி, அதைப் பிரகாச வெப்பநிலையாக்கி (செயற்கைக்கோளுக்குத் தெரியும் வெப்பநிலை), பசுமைக் குறியீட்டிலிருந்து (செடிகொடியின் அடர்த்தியைக் காட்டும் எண்) உமிழ்திறன் (பரப்பு கதிரை வெளிவிடும் தாராளம்) எடுத்து, கடைசியில் ஒரு வகுத்தல். கற்றுக்கொள்ள நல்ல பாதை. ஆனால் அதன் விடையை நிலை 2 படத்தோடு ஒப்பிட்டால் பல டிகிரி குறைவாக நிற்பது வழக்கம்.

முதல் காரணம் காற்று. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரில் ஒரு பகுதியை வழியிலுள்ள நீராவி விழுங்கிவிடுகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில், புழுங்கித் தள்ளும் மே மாதத்தில், இந்த இழப்பு சின்னதல்ல. பாடங்களில் வரும் அந்த எளிய சூத்திரம் உமிழ்திறனை மட்டும்தான் திருத்துகிறது, காற்றைத் தொடுவதே இல்லை. அது தரும் எண்ணைத் ‘தரை வெப்பநிலை’ என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது வளிமண்டலத்துக்கு மேலிருந்து பார்த்தபோது தெரிந்தது. நிலை 2 படத்தில் வளிமண்டலத் திருத்தத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமே செய்து தருகிறது. தனிக் காரணம் ஏதும் இல்லாவிட்டால் அதையே எடுங்கள். மழைக்கு முந்தைய வறண்ட நாளையும் ஈரமான நாளையும் நிலை 1 கணக்கில் ஒப்பிட்டு, நகரம் குளிர்ந்துவிட்டது என்று சொல்கிற அறிக்கைகளின் அடிப்படையே ஆட்டம் காணும்.

இரண்டாவது, கடைசிச் சூத்திரத்தில் செல்சியஸ் போட்டிருக்கலாம். பிரகாச வெப்பநிலை 30 டிகிரி, உமிழ்திறன் 0.96 என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் போட்டால் விடை 32.8 டிகிரி. செல்சியஸில் போட்டால் 30.03. பிழைச்செய்தி வராது, நம்பும்படியான எண்தான் வரும். திருத்தம் மட்டும் நடந்திருக்காது. அதே சூத்திரத்தில் அலைநீளத்தை மைக்ரோமீட்டரில் எடுத்தால் கூடவே வரும் மாறிலி 14,388. அலைநீளத்தை மீட்டரில் எடுத்தால் 0.014388. இரண்டையும் கலந்தாலும் கோளாறுதான்.

மூன்றாவது, லேண்ட்சாட் 9 படத்துக்கு லேண்ட்சாட் 8இன் மாறிலிகள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கதிர்வீச்சை வெப்பநிலையாக்கும் கே1, கே2 மாறிலிகளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். லேண்ட்சாட் 8இல் கே1 774.8853, கே2 1321.0789, லேண்ட்சாட் 9இல் 799.0284, 1329.2405. இவற்றை மட்டும் மாற்றிப் போட்டால் வரும் பிழை கால் டிகிரிகூடத் தேறாது. மூல எண்ணைக் கதிர்வீச்சாக்கும் பெருக்கிதான் வில்லன். அது லேண்ட்சாட் 8இல் 0.0003342, லேண்ட்சாட் 9இல் 0.00038. பழைய கணக்கிலிருந்து இதை அப்படியே நகலெடுத்தால் சுமார் 8 டிகிரி இறங்கிவிடும். படத்தோடு வரும் எம்டிஎல் என்ற விவரக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே எடுங்கள்.

11ஆம் பேண்டையும் சேர்த்து இரட்டைப் பேண்டு முறையில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. லேண்ட்சாட் 8இன் வெப்ப உணரியில் காட்சிக்கு வெளியிலிருந்து சிதறி வந்த ஒளி நுழைந்தது; 11ஆம் பேண்டு அதில் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. லேண்ட்சாட் 9இல் இந்தக் குறையைச் சரிசெய்தே அனுப்பினார்கள். எதில் கை வைக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கான வேலை அது. மற்றவர்கள் 10ஆம் பேண்டோடு நின்றுகொள்ளலாம்.

கிண்டிக் காட்டின் பசுமைக் குறியீடு 0.4ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

தொகுப்பு 2 ஒளித்தெறிப்பு மதிப்பை மாற்றாமலே கணக்கில் போட்டிருக்கிறீர்கள். பழைய தொகுப்பில் வெறும் பெருக்கி மட்டும் இருந்தது. பின்னத்தில் மேலும் கீழும் அது அடிபட்டுப் போகும், ஆகவே மாற்றாமல் போட்டாலும் விடை சரியாக வந்தது. இப்போது 0.2 என்ற கழித்தலும் சேர்ந்துவிட்டது, அது அடிபடாது. சிவப்பில் 0.05, அண்மை அகச்சிவப்பில் 0.35 தெறிக்கும் அடர்ந்த மரக்கூட்டத்துக்கு உண்மைக் குறியீடு 0.75. மூல எண்களை அப்படியே போட்டால் 0.375. சரிபாதி.

பசுமைக் குறியீடு தப்பினால் உமிழ்திறன் தப்பும். உமிழ்திறனில் 0.01 மாறினால் வெப்பநிலையில் ஏறக்குறைய 0.7 டிகிரி மாறும்.

வரைபடத்தில் ஓட்டைகள்

ஒரே பகுதியை வெவ்வேறு தேதிகளில் எடுத்து வைத்துப் பாருங்கள். ஓட்டை இடம் மாறினால் அது மேகம். எல்லாத் தேதியிலும் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருந்தால் உமிழ்திறன் தரவு இல்லை. நிலை 2 வெப்பநிலை, ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவி 2000 முதல் 2008 வரை சேர்த்த உமிழ்திறன் தொகுப்பை நம்பியிருக்கிறது. அந்தத் தொகுப்பில் இடைவெளி இருந்தால் இங்கேயும் இடைவெளி. வேறு நல்ல தேதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடற்கரை மணலிலும் வெள்ளை பூசிய பெரிய கூரைகளிலும் மட்டும் ஓட்டை விழுந்தால், மேகம் கண்டுபிடிக்கும் நிரல் ஏமாந்திருக்கிறது. பளிச்சென்ற பரப்பைக் கண்டால் மேகம் என்று நினைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. மேகத்தைச் சுற்றிலும் கூடுதலாக ஒரு விளிம்பு நீக்கும் ‘விரித்த மேகம்’ என்ற பிட்டும் இதைப் பெரிதாக்கும்.

ஒவ்வொரு பிக்சலும் மேகமா தெளிவா என்று சொல்லும் தரக் கோப்பில் 21824 மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லும் குறுக்குவழி ஒன்று பரவலாக இருக்கிறது. அது தெளிவான நிலம். தெளிவான நீருக்கு 21952. இதை விட்டுவிட்டுத்தான் ஏரிகளைக் காணோம் என்று தேடுவார்கள். லேண்ட்சாட் 5, 7க்கு இந்த எண்கள் 5440, 5504. பழைய படம் முழுவதும் வெறுமையாக வந்தால் இதை முதலில் பாருங்கள்.

சாய்வான கோடுகோடாக இடைவெளி வந்தால் அது லேண்ட்சாட் 7; வருடும் வரிகளை நேராக்கும் அதன் வரித் திருத்தி 2003 மே 31 அன்று செயலிழந்தது, அதன் பிறகு ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 விழுக்காடு இல்லை. (நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாகிச் சென்னையின் உச்ச வெப்பம் என்று இன்றும் சொல்லப்படுவதும் அதே நாள்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் தேதியை மறக்க முடியாது.) 2012க்குப் படம் தேடிக் களைத்தவர்களுக்கு: லேண்ட்சாட் 5 2011 நவம்பரில் வழக்கமான படப்பிடிப்பை நிறுத்தியது, லேண்ட்சாட் 8 2013இல்தான் ஏறியது. இடையில் கோடு விழுந்த படம் மட்டுமே.

படம் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் குளிர்ச்சி காட்டுகிறது

நகரம் முழுக்க ஒரே சீராக நாலைந்து டிகிரி குறைந்திருந்தால் கீற்று மேகத்தைச் சந்தேகியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தாலும் வெப்பக் கதிரை மறைக்கும். 9ஆம் பேண்டைத் திறந்தால் வெண்புகை போலத் தெரிந்துவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிபுள்ளியாகக் குளிர்ந்திருந்தால் அவை சின்னச் சின்னப் பஞ்சுப்பொதி மேகங்கள், அவற்றின் நிழல்கள். எஸ்டி_க்யூஏ என்ற துணைக் கோப்பு ஒவ்வொரு பிக்சலின் நிச்சயமின்மையையும் தருகிறது, 0.01 ஆல் பெருக்கினால் கெல்வின். பக்கத்தில் மேகம் இருந்தால் அந்த எண் ஏறும். பலர் அந்தக் கோப்பைப் பதிவிறக்குவதே இல்லை.

தொழிற்பேட்டையில் கூரைகள் மட்டும் நீலமாக இருக்கின்றன

இதைப் பார்த்ததும் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கோப்பு சரியாகத்தான் இருக்கிறது. அம்பத்தூர், கிண்டி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய தகரக் கொட்டகைகளும் கிடங்குகளும் வரிசையாக நிற்கும். வெயிலில் அந்தத் தகரத்தைத் தொட முடியாது. வரைபடமோ அவை சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தவை என்கிறது.

செயற்கைக்கோள் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. பரப்பு வெளிவிடும் கதிரை அளந்து, ‘இவ்வளவு கதிர் வர வேண்டுமானால் எவ்வளவு சூடு இருக்க வேண்டும்’ என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் உமிழ்திறன் என்பது அந்தப் பரப்பு கதிரை வெளிவிடும் தாராளம். செடி, மண், காங்கிரீட், தார் எல்லாம் தாராளமானவை, 0.92க்கு மேல் இருக்கும். வண்ணம் பூசாத அலுமினியமும் துத்தநாகம் பூசிய புதுத் தகடும் கருமிகள். சூடாக இருந்தாலும் கொஞ்சம்தான் வெளிவிடும். மீதிக்கு, கண்ணாடி போல மேலே உள்ள குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிக்கும். நாம் அதற்கும் 0.97 என்று வைத்துக் கணக்கிட்டால் சூடான தகரம் குளிர்ந்ததாகத் தெரிவதில் வியப்பில்லை.

பசுமைக் குறியீட்டை வைத்து உமிழ்திறன் எடுக்கும் முறைக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தகரத்துக்கும் தார்ச்சாலைக்கும் பசுமைக் குறியீடு ஒன்றுபோலவே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஆஸ்டர் தொகுப்பு கொஞ்சம் மேல், ஏனென்றால் அது நேரடியாக அளந்தது. ஆனால் அது 2000க்கும் 2008க்கும் இடைப்பட்ட நிலவரம். அன்று வயலாக இருந்த இடத்தில் இன்று கிடங்கு நின்றால், வயலின் உமிழ்திறன்தான் கிடங்குக்குக் கிடைக்கும். சென்னையின் தென்மேற்கு ஓரம் முழுக்க இப்படிப்பட்ட இடங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். உயர்தெளிவுப் படத்தில் அந்தக் கூரையைப் பாருங்கள். பளபளக்கும் வெற்றுத் தகடு என்றால் அந்தப் பிக்சல்களைத் தனி வகுப்பாகப் பிரித்து, சராசரியிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை வரைபடத்திலேயே குறிப்பிடுங்கள். உமிழ்திறனை ஊகித்துத் திருத்தப் போகாதீர்கள். வண்ணம் பூசியதா, துருப்பிடித்ததா, தூசி படிந்ததா என்பதைப் பொறுத்து அது ஏகத்துக்கு மாறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் வண்ணம் பூசிய தகடுக்கும் இந்தச் சிக்கல் இல்லை, அவை தம் சூட்டை ஒழுங்காகவே காட்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ‘தகரக் கூரை நகரத்தைக் குளிர்விக்கிறது’ என்று முடிவெழுதினால், அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர் படித்தால் என்ன நினைப்பார்?

நகரத்தைவிடச் சுற்றுப்புறம்தான் சிவப்பாக இருக்கிறது

நகர வெப்பத் தீவு (சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பது) என்று தலைப்பு வைத்தாகிவிட்டது. வரைபடத்தில் தி. நகரைவிட ஊருக்கு வெளியே தரிசு நிலம் சூடாக இருக்கிறது. உடனே வண்ணத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமோ என்று தேடுவார்கள். அதையும் பார்த்துவிடுங்கள்தான். ஆனால் பெரும்பாலும் வரைபடம் சொல்வது உண்மை.

அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வெறும் மண் காலை வெயிலில் வேகமாகச் சூடேறும். காங்கிரீட்டும் செங்கல்லும் சூட்டை உள்ளே வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறும். உயரமான கட்டடங்களின் நிழலும் காலை பத்தரை மணிக்குத் தெருவில் விழுந்திருக்கும். ஆகவே கோடைக் காலையில் நகரம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருப்பது வறண்ட பகுதிகளில் நன்றாக அறிந்த விஷயம். நகரம் வாங்கி வைத்த சூட்டை இரவில்தான் வெளியே விடுகிறது, தூக்கம் கெடுவதும் அப்போதுதான். வெப்பத் தீவைக் காட்ட வேண்டுமென்றால் இரவுப் படம் தேவை. மோடிஸ் இரவிலும் தருகிறது, ஆனால் ஒரு பிக்சல் ஒரு கிலோமீட்டர். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2018இல் பொருத்திய ஈகோஸ்ட்ரெஸ் சுமார் 70 மீட்டர் நுணுக்கத்தில் வெவ்வேறு நேரங்களில் எடுக்கிறது. அதில் சென்னையின் நள்ளிரவுப் படம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒப்பிடும் கிராமப்புறத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். நெல் நிற்கும் வயலோடு ஒப்பிட்டால் நகரம் சூடு, தரிசோடு ஒப்பிட்டால் நகரம் குளிர்ச்சி. இரண்டையும் கணக்கிட்டு இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை. ஏரியை ஒப்பீட்டுப் புள்ளியாக வைக்கும் பழக்கமும் ஆபத்து: 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றின. அந்த ஆண்டுப் படத்தில் ஏரி என்று நினைத்து எண்ணெடுத்தால் கிடைப்பது வெடித்த களிமண்ணின் சூடு.

வானிலைத் துறை 38 என்கிறது, என் படம் 46 என்கிறது

இரண்டும் சரியாக இருக்கலாம். நுங்கம்பாக்கத்தில் அளப்பது நிழற்கூண்டுக்குள், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே உள்ள காற்று. படம் அளப்பது வெயிலில் கிடக்கும் தரை, கூரை, மர உச்சி. நேரமும் வேறு, துறை சொல்வது அன்றைய உச்சம், படம் காலை பத்தரை. எண்களை ஒத்துப்போக வைக்க முயலாதீர்கள். அதைவிட முக்கியம், படத்தின் எண்ணைப் ‘பொதுமக்கள் அனுபவித்த வெப்பம்’ என்று செய்திக்குறிப்பில் எழுதாதீர்கள்.

இருபது ஆண்டில் ஆறு டிகிரி ஏறிவிட்டது!

இந்த ஆச்சரியக்குறி வந்தாலே நிதானிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே இருப்பது இரண்டே படங்கள்: பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டு நாளை ஒப்பிட்டு இருபது ஆண்டைப் பற்றிப் பேச முடியாது.

முதலில் எம்டிஎல் கோப்பில் படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். அது உலக நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். லேண்ட்சாட் 5இன் கடக்கும் நேரம் அதன் நீண்ட வாழ்நாளில் கணிசமாக முன்பின் நகர்ந்தது. லேண்ட்சாட் 7உம் 2017க்குப் பிறகு சுற்றுப்பாதையைச் சரிசெய்வதை நிறுத்தியதால் வரவர முன்னதாகவே வந்தது. காலையில் தரை மளமளவென்று சூடேறும் வேளை அது. அரை மணி நேரம் முன்னே எடுத்த படம் குளிர்ந்துதான் இருக்கும். அந்த வித்தியாசம் அப்படியே ‘வெப்பமயமாதல்’ ஆகிவிடும்.

அடுத்து, மழை. படத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு கோடைமழை பெய்திருந்தால் போதும், ஈரமண் நன்றாகக் குளிர்ந்திருக்கும். முந்தைய வாரத்தின் மழை விவரத்தைப் பார்க்காமல் தேதியை முடிவு செய்யாதீர்கள். மாதமும் ஒத்துப்போக வேண்டும். மார்ச்சை மே மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேகத்தோடு போராடுவதைவிட அந்த மாதங்களை விட்டுவிடலாம்.

சரி, என்னதான் செய்வது? ஒவ்வொரு காலகட்டத்துக்கும் நாலைந்து ஆண்டுகளின் அதே பருவப் படங்களை எல்லாம் எடுத்து, பிக்சல் வாரியாக இடைநிலை மதிப்பு காணுங்கள். பிறகு நேரடி வெப்பநிலையை ஒப்பிடாமல், ஒவ்வொரு காலகட்டத்திலும் மாறாத ஓர் இடத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். கிண்டிப் பூங்கா அதற்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று கரையேறிய வர்தா புயல் நகரின் மரங்களை ஏராளமாகச் சாய்த்தது. 2017 கோடையில் பூங்காவும் தோட்டங்களும் சற்றுச் சூடேறித் தெரிந்தால் சூத்திரத்தில் பிழை தேடுவதற்கு முன் பசுமைக் குறியீட்டையும் பாருங்கள். கரையோரக் கடலையும் இரண்டாம் ஒப்பீடாக வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று எல்லை. சென்னை மாநகராட்சி 2011இல் விரிந்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு ஆனது. அதற்கு முன்பு அதில் பாதிகூட இல்லை. 2001க்குப் பழைய எல்லையும் 2021க்குப் புதிய எல்லையும் போட்டு நகரச் சராசரி எடுத்தால், மாறியது வெப்பமா பரப்பளவா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே எல்லைக் கோப்பை இரண்டுக்கும் பயன்படுத்துங்கள்.

இரண்டு ஆண்டின் வரைபடமும் ஒரே மாதிரி சிவப்பு

க்யூஜிஐஎஸ் ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனியாக வண்ண எல்லையை நீட்டிச் சுருக்குகிறது. ஒரு படத்தில் 38 டிகிரி சிவப்பு, அடுத்ததில் 44 டிகிரி சிவப்பு. குறைந்தபட்ச, அதிகபட்ச எண்ணைக் கையால் தட்டி, அந்தப் பாணியை நகலெடுத்து மற்ற லேயர்களில் ஒட்டுங்கள்.

வார்டு சராசரி எல்லாம் வெறுமையாக வருகிறது

வார்டு எல்லைக் கோப்பும் (ஷேப்ஃபைல்) வெப்பநிலைப் படமும் (ராஸ்டர்) ஒன்றன் மேல் ஒன்று விழவில்லை. சென்னைப் படத்தின் ஆயமுறை யுடிஎம் 44 வடக்கு மண்டலம், அதைக் குறிக்கும் இபிஎஸ்ஜி எண் 32644. கோவைக்கு 43, அதாவது 32643. லேயருக்குப் பெயரளவில் ஆயமுறையை ஒட்டுவது வேறு, ஆயத்தொலைவுகளை உண்மையிலேயே மாற்றுவது வேறு. அட்சரேகை தீர்க்கரேகையில் இருக்கும் கோப்புக்கு ‘செட் சிஆர்எஸ்’ கொடுத்து 32644 என்று அறிவித்தால், மென்பொருள் 80 டிகிரியை 80 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு வார்டுகளை நடுக்கடலுக்கு அனுப்பிவிடும். அறிவிப்பைப் பழையபடி அட்சரேகை தீர்க்கரேகைக்கான 4326க்குத் திருப்பி, பிறகு ‘ரீப்ரொஜெக்ட்’ செய்யுங்கள்.

எர்த் என்ஜின் தரும் சராசரி நம்பும்படி இல்லை

அளவை, அதாவது ‘ஸ்கேல்’, கொடுக்கவில்லை. பல படங்களைக் கோத்து இடைநிலை எடுத்ததும் அந்தப் படத்தின் இயல்பான பிக்சல் அளவு ஒரு டிகிரி ஆகிவிடுகிறது, அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல். மொத்தச் சென்னையும் ஒரு பிக்சலுக்குள் போய்விடும். வரைபடத் திரையில் பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் எண் மாறுவது இதன் உறவுக்காரன்தான். வட்டாரச் சராசரி எடுக்கும் கட்டளையில் 30 என்று எழுதுங்கள்.

எங்கள் தெருவின் வெப்பநிலை எவ்வளவு?

இது கோளாறு அல்ல, ஆனால் கூட்டம் முடிந்ததும் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கோப்பில் பிக்சல் 30 மீட்டர் என்று இருப்பது பார்ப்பதற்கு மட்டும். லேண்ட்சாட் 8, 9இன் வெப்ப உணரி அளப்பது 100 மீட்டரில். மற்ற பேண்டுகளோடு பொருந்த அதை 30 மீட்டராகப் பிரித்துத் தருகிறார்கள். லேண்ட்சாட் 5இல் 120 மீட்டர், 7இல் 60. ஒரு பிக்சலுக்குள் உங்கள் தெரு, இரண்டு பக்கத்து மொட்டைமாடிகள், பின்னால் உள்ள வேப்பமரம், பக்கத்துத் தெருவின் பாதி எல்லாம் அடக்கம். தெரு அளவு வேண்டுமென்றால் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்கு வெயிலில் இறங்க வேண்டியதுதான். மலிவான கருவிகளில் உமிழ்திறன் 0.95 என்று பூட்டியே வந்திருக்கும்; தகரக் கதவை நோக்கி நீட்ட வேண்டாம்.